பெட்டி வந்ததற்குச் சாட்சி

நாம் திரும்பிப் பார்க்காத தளங்களிடமிருந்து அறிவிப்பு அனுமதியைக் குரோம் உலாவி தானாகவே பிடுங்கிக்கொள்ளும் என்று 2025 அக்டோபரில் கூகுள் சொன்னது. அனுப்பப்படும் அறிவிப்புகளில் நூற்றுக்கு ஒன்றைக்கூட யாரும் தொடுவதில்லையாம். எனக்கு மகிழ்ச்சிதான். ஜோசியம், மலிவு விற்பனை, கிரிக்கெட் ஸ்கோர் என்று திரையின் மூலையில் நாள் முழுக்கத் தலைநீட்டும் அந்தப் பெட்டிகளோடு எனக்கு வெகுநாள் பகை. இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அந்தப் பெட்டி ஒழுங்கா வருதான்னு பார்க்கிறதையே வேலையா வெச்சிருக்கவங்க ஒருத்தர் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காங்க. திட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை போய்ப் பாருங்க."

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. 2010-இல் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியாவின் வளைவுகளும் பூக்கடைகளும் இந்தத் தெரு வரை வருவதில்லை. கீழே பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையம், மேலே கணக்காளர் அலுவலகம், அதற்கும் மேலே மென்பொருள் சோதிக்கும் இவர்கள். நான்கு மேசை, சுவரில் ஒரு பெரிய திரை, அதில் பச்சையும் சிவப்புமாக வரிசைகள். நான் தேடி வந்தவர் கிள்ளான்காரர், நாற்பதை நெருங்கும் பெண். பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். காரணம் பிறகு புரிந்தது.

இவர்கள் சோதிப்பது கண்டெய்னர் லாரி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓர் இணையச் செயலி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து பெட்டி இறங்கி, சுங்கம் விடுவித்து, எடுக்கத் தயார் என்றானதும் லாரி அலுவலகத்துக் குமாஸ்தாவின் கணினியில் அறிவிப்பு வர வேண்டும். இலவசமாக வைத்திருக்கும் நாள்கள் கடந்தால் துறைமுகத்துக்கு வாடகை. காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம். ஜோசியத் தளத்தின் அறிவிப்பு வராமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. இது வராவிட்டால் மறுநாளே பணம்.

"இதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். "எங்க ரோபோவுக்கு அது கண்ணுக்கே தெரியாதுண்ணே" என்றார்.

ரோபோ என்று அவர் சொன்னது மென்பொருளை. 2004-இல் சிக்காகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம், 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்று இந்த வகைக் கருவிகள் பல. மனிதர் போலவே உலாவியைத் திறந்து, படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தி, பக்கத்தில் என்ன எழுத்து வந்தது என்று படிக்கும். பக்கத்துக்குள் இருப்பதைத்தான் படிக்கும். அறிவிப்புப் பெட்டி பக்கத்துக்கு வெளியே, விண்டோஸோ மேக்கோ தானே வரைந்து தானே மூடுகிற ஒன்று. அதற்கு முன்னால் வரும் "இந்தத் தளம் அறிவிப்பு அனுப்பலாமா?" என்ற கேள்வியும் அப்படித்தான். அது உலாவியுடையது, பக்கத்துடையது அல்ல. ரோபோவால் அதை அழுத்த முடியாது. அதனால் சோதனை தொடங்குமுன்னே அனுமதி கொடுத்துவிட்டதாக ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்.

வசதிதான், ஆனால் அந்த வசதியிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் வரும் அனுமதிக் கேள்விகளில் 99 விழுக்காட்டை யாரும் ஏற்பதில்லை என்று மோசில்லா 2019-இல் கண்டது. 2020 ஜனவரியில் வந்த 72-ஆம் பதிப்பிலிருந்து, பயனர் எதையாவது அழுத்தாத வரை கேள்வியையே ஒளித்துவிட்டது. பக்கம் திறந்ததுமே அனுமதி கேட்கும் தளங்களெல்லாம் ஒரே நாளில் ஊமையாகின. அப்போது இவர் சைபர்ஜெயா என்ற தொழில்நுட்ப நகரில் வேறோர் இடத்தில் இருந்தார். அங்கே சோதனைகள் அத்தனையும் பச்சை. ரோபோவுக்குத்தான் அனுமதி முன்கூட்டியே கொடுத்தாயிற்றே! மனிதர்களுக்குக் கேள்வியே போகவில்லை என்பது வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திய பிறகுதான் தெரிந்தது.

இவர்கள் அன்றாடம் நம்பியிருக்கும் கருவி ஒன்றைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு வரி நிரல். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் "பொய் மணி". உலாவியில் அறிவிப்பை எழுப்பும் உண்மையான செயல்பாட்டை எடுத்துவிட்டு அதே பெயரில் இதை உட்காரவைத்துவிடுவார்கள். செயலிக்கு வித்தியாசம் தெரியாது. "அறிவிப்பைக் காட்டு" என்று அது கேட்கும்போதெல்லாம் பொய் மணி எதையும் காட்டாமல், தலைப்பு என்ன, செய்தி என்ன என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். கடைசியில் சோதனை அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும். வேகமானது, எந்தக் கணினியிலும் ஓடும், தவறாது. நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், "ரொம்ப நம்பாதீங்க, இது என்னையே கவுத்திருக்கு" என்றார்.

கதை இது. ஒரு லாரி நிறுவனத்தில், காலையில் இரண்டு பெட்டி தயாரானால் குமாஸ்தா ஒன்றைத்தான் பார்க்கிறார் என்று புகார். பொய் மணியின் பட்டியலில் இரண்டு அறிவிப்பும் ஒழுங்காக இருந்தன. பச்சை. செயலியைத் திறந்து பார்த்தால் நிரலாளர் எல்லா அறிவிப்புக்கும் ஒரே அடையாளச் சொல்லை, இவர்கள் மொழியில் 'டேக்', கொடுத்திருந்தார். ஒரே டேக்கோடு இரண்டாவது வந்தால் முதலாவதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது உலாவிகளின் விதி. மறுபடி ஒலிக்கச் சொல்லித் தனியாகக் கேட்காவிட்டால் சத்தமும் வராது. முதல் பெட்டியின் செய்தி வந்த சுவடே இல்லாமல் மாறிவிட்டது. பொய் மணி கேட்டதை மட்டும் எழுதிக்கொள்ளும் அப்பாவி. அதற்கு இந்த விதியெல்லாம் தெரியாது.

அதன் பிறகு இவர் பொய் மணியோடு நிறுத்துவதில்லை. பக்கம் மூடியிருக்கும்போதும் பின்னணியில் விழித்திருக்கும் சர்வீஸ் ஒர்க்கர் வழியாக நிஜமான அறிவிப்பை எழுப்பி, "இப்போது திரையில் எத்தனை நிற்கிறது, சொல்" என்று உலாவியையே கேட்கும் சோதனையும் சேர்த்தார். இரண்டு அனுப்பினால் இரண்டு நிற்க வேண்டும். ஒன்று நின்றால் சிவப்பு. அதை எந்தச் சர்வரில், எந்த டாக்கரில், எப்படி இரவில் ஓட்டுகிறார்கள் என்பதை அரை மணி நேரம் விளக்கினார். நான் கீழேயிருந்து வரவழைத்த தே தாரேயில் மூழ்கியிருந்தேன், வாசகர் மன்னிக்க.

பேச்சில் தமிழ் வந்ததும் விழித்துக்கொண்டேன். ஓட்டுநர்களுக்கும் செய்தி போவதால் மலாய், தமிழ் இரண்டும் உண்டு. செய்தி நீண்டால் இத்தனையாவது எழுத்தில் வெட்டு என்று நிரலில் இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு குறியீடு, எங்கே வெட்டினாலும் பிழையில்லை. தமிழில் 'ன்' என்பது கணினிக்கு ன-வும் புள்ளியும் என இரண்டு. நடுவில் வெட்டினால் 'கொள்கலன்' புள்ளி இழந்து 'கொள்கலன' என்று முடியும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்கள் கண்ணில் இது படவே இல்லை. எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அலகாகப் பிரித்து எண்ணும் வசதி இப்போது எல்லா முக்கிய உலாவிகளிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினார். இன்னொன்று எடை. ஓர் அறிவிப்பில் அனுப்பக்கூடிய செய்திக்கு வலை நெறிமுறை உறுதியளிப்பது 3993 பைட். தமிழில் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் போகும். ஏறத்தாழ 1,300 குறியீட்டோடு பை நிறைந்துவிடும்.

அவருடைய மேக்கில் அந்தத் தமிழ் அழகாகவே தெரிந்தது. ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர்தான் என்றேன். "தெரியும்ணே, ஆனா எங்க டிரைவருங்க மேக் வெச்சிக்கல" என்றார்.

இவர் கிள்ளானை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனதும் குடும்பம் டவுனுக்கு வந்தது. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணி, தாளில் கையெழுத்திடுபவர். "இறங்கிச்சுன்னு கப்பல்காரன் சொன்னா போதாது, நான் பார்த்தேன்னு அப்பா எழுதணும். இப்ப நான் பண்றதும் அதேதான், இல்லையா?" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும் ஒரு கண்டெய்னர் லாரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. இரண்டு காதிலும் தொலைபேசி, பெட்டி தயாரா என்று துறைமுகத்தைக் கேட்பது, ஓட்டுநரைத் துரத்துவது. அங்கே முதன்முதலாக ஓர் இணையச் செயலியைக் கொண்டுவந்தபோது, வந்த நிரலாளர்களிடம் இது வராது, இது வேலைக்காகாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் இவர். அவர்களில் ஒருவர், இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது என்றார். வார இறுதி வகுப்பு, மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிகியூபி அடிப்படைத் தேர்வு, பிறகு ஓர் ஏஜென்ட் மூலம் சைபர்ஜெயா.

அந்த ஏஜென்ட் இன்னும் கூடவே இருக்கிறார். லாரி நிறுவனம் செயலிக்குப் பணம் கொடுப்பது ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு. அது சோதனையை 'சொல்யூஷன்' நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கிறது. அது ஆள் கேட்பது ஏஜென்டிடம். ஏஜென்ட் அனுப்பிய ஆள் இவர். ஒரு நாளுக்கு இவர் பேரில் மேலே எவ்வளவு கட்டணம் போகிறது என்று இவருக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. இவர் தொழிலாளி அல்ல, சுயமாகச் சேவை வழங்குபவர் என்று இன்னொரு வரி. அந்த வரியால் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு இல்லை. ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது 13 விழுக்காடு. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பும் இல்லை.

தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசு கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதோடு முடிந்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். முடிந்ததா? ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. அந்தக் கணக்குப் புத்தகம் இன்று ஒரு மேகக் கணினிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் எனக்குக் கூடுதல் எரிச்சல், இந்தச் சங்கிலியில் யாருமே அறிவிப்பு குமாஸ்தாவின் கண்ணில் பட்டதா என்பதற்குப் பணம் தருவதில்லை. எத்தனை சோதனை எழுதப்பட்டது, எத்தனை பச்சை என்றுதான் கணக்கு. பொய் மணியை வைத்து ஒரே நாளில் நூறு பச்சை காட்டலாம். டேக் பிழையைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு சோதனை. அதற்கு விலையும் ஒரு சோதனைக்கு உண்டானதுதான். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும், இடையில் நிற்பவர்களுக்கு அது தெரியாதா என்ன?

நான் இதையெல்லாம் உரக்கவே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அண்ணே, மெதுவா" என்றார். "லாரி கம்பெனி மூடினப்ப என்னைக் கூப்பிட்டு வேலை குடுத்தது அந்த ஏஜென்ட்தான். நேரா போய்க் கேட்டா டிகிரி இல்லன்னு ரெஸ்யூமே எடுக்க மாட்டாங்க." எனக்குப் பதில் இல்லை. கோபம் மட்டும் குறையவில்லை.

மதியம் கீழே இறங்கினோம். மசாஜ் நிலையத்தில் ஒருவர் கணினியில் என்விடிஏ திரை வாசிப்பான் வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்திலேயே இருப்பதால் இங்கே இப்படிக் கணினி பழகியவர்கள் பலர். இவர் மடிக்கணினியை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்து ஓர் அறிவிப்பை எழுப்பினார். நான் தொடரவே முடியாத வேகத்தில் குரல் எதையோ வாசித்தது. "பெட்டி எண் பாதியில போச்சு, திரும்பக் கேட்கத் தேடினா காணோம்" என்றார் அவர். விண்டோஸ் அறிவிப்பு இயல்பாக ஐந்து விநாடியில் மறைந்துவிடும். அவர் அப்போது வேறொரு வரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து விநாடி என்பது கண்ணுள்ளவருக்கு வைத்த கணக்கு. பயனர் தானே மூடும் வரை நிற்கச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது; அதைப் போடச் சொல்லி இவர் அன்றே எழுதி அனுப்பினார். இந்தப் பிழையை எந்த ரோபோவும் சொல்லியிருக்காது. அவருக்கு அரை மணி நேர மசாஜுக்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார், தன் பையிலிருந்து.

மாலையில் ஐபோன் வேலை. 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4-இலிருந்துதான் ஐபோனில் இணையத் தள அறிவிப்பு வரும், அதுவும் பயனர் அந்தத் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே. இந்தச் சேர்க்கும் படியை ரோபோவிடம் ஒப்படைக்க இவர்களிடம் நம்பகமான வழி இல்லை. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் தம்பியின் பழைய ஐபோனை எடுத்து, பழையதை நீக்கி, மறுபடி சேர்த்து, அனுமதி கொடுத்து, பூட்டி வைத்து, வருகிறதா என்று பார்க்கிறார். வந்தது. ஏஜென்டின் மணிக்கணக்குத் தாளில் கையால் செய்யும் சோதனைக்குக் கட்டமே இல்லை. 'இதர' என்ற இடத்தில் அரை மணி நேரம் என்று நிரப்பினார். போன மாதம் அப்படி நிரப்பியதை வெட்டித்தான் சம்பளம் வந்ததாம். இந்த மாதமும் நிரப்பிவிட்டு, கிள்ளான் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்.