காஞ்சிக் குளமும் மாமல்லைக் கடலும்

காஞ்சிபுரம் செல்வோர் கோயிலைத் தரிசித்துப் பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாமும் அந்த எண்ணத்துடனேயே சென்றோம். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்த ஸரஸ் என்னும் திருக்குளத்துப் படியில் சற்று உட்கார்ந்தபோது, நம் சிந்தனை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

அக்குளத்து நீராழி மண்டபத்தின் அடியில் அத்தி வரதர் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறையே வெளியே எழுந்தருள்வார். 1979-இல் வந்தவர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். ஜனங்கள் கடலெனத் திரண்டார்கள். தவணை முடிந்ததும், பெருமாள் மறுபடியும் நீருக்குள் சென்றார். ஆசை எழும்போதெல்லாம் நீரின் நிதியைக் கையால் தொடலாகாது என்பது இவ்வூரின் பழைய கட்டுப்பாடு.

பிறகு நெசவாளர் வீதியில் ஒரு குழித்தறியின் அருகே நின்றோம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். மரபான முறையில் அதை ஒருவரே நெய்ய முடியாது. கரை நாடாவை எறிய ஒரு துணை பக்கத்தில் அமர்ந்திருப்பார். ஒருவர் அவசரப்பட்டால் இருவர் வேலையும் கெடும்.

அளவும் துணையுமாகிய இவ்விரண்டு பாடங்களையும் மனத்தில் கொண்டே மாமல்லபுரம் புறப்பட்டோம். ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தூரம். பல்லவருக்குக் காஞ்சி தலைநகர், மாமல்லை துறைமுகம். 2019 வரை இரண்டும் ஒரே ஜில்லாவில் இருந்தன. இப்போது மாமல்லை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது.

கரைக்கோயிலின் முன்னுள்ள கடலில் 2002 ஏப்ரலில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சிச் சங்கத்தாரும் மூழ்கிப் பார்த்தார்கள். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கலங்கிய நீரினூடே, சுவர்களின் எச்சங்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். நம் முன்னோர் செல்வத்தில் ஒரு பங்கு அங்கே நீருக்கடியில் இருக்கிறது.

அங்கே இறங்குவது எப்படி? 1943-இல் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, காக்னான் என்னும் இருவர் கண்ட கருவியே இன்றைய ஸ்கூபா முறைக்கு அடிப்படை. முதுகில் காற்று உருளை; வாயில் குழாய். கருவி எளிது, அதன் தர்மம் கடுமையானது. கோயில் குளத்தில் குதிக்கும் நம் பிள்ளைகள் மூச்சை அடக்கிப் பழகியவர்கள். முத்துக் குளித்தவர்களும் அப்படியே. அவர்கள் கொண்டுசென்றது மேலே இழுத்த காற்று. ஸ்கூபாக்காரரோ ஆழத்தில், அழுத்தத்தின் கீழ், காற்றை இழுக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிரப்பிய மார்பை அடக்கியபடி மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகையால், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதே முதல் விதி.

இரண்டாவது, மெதுவாக ஏறுவது. ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அவசரமாக ஏறினால், திறந்த சோடாப் புட்டியைப் போல் இரத்தத்தில் குமிழ்கள் கிளம்பும். மூட்டுவலி முதல் வாதம் வரை நேரலாம். ஹால்டேன் என்னும் அறிஞர் 1908-இலேயே இதற்குக் கணக்கு வகுத்தார். இன்று நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தங்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, துணை. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் மூழ்குவோனின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிப்பான், தன் சகோதரியின் தாலியை எண்ணி அவன் கைவிடமாட்டான், என்று சொல்வார்கள். இப்போது கயிற்றுக்குப் பதில் பக்கத்திலேயே நீந்தும் தோழர் இருக்கிறார்.

குளிர்ந்த சமுத்திரங்களில் அபாயம் வெளிப்படையானது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும். காற்றுக் கருவியே உறைந்துபோவதும் உண்டு. ஆகவே நீர் புகாத உடையும் குளிருக்கேற்ற கருவியும் இன்றி அங்கே யாரும் இறங்கார். நம் வெப்பக் கடலோ இதமாய் வரவேற்கிறது. அந்த இதமே அசட்டுத் துணிச்சலைத் தருகிறது. 28 டிகிரி நீரும் 37 டிகிரி உடம்பை மெல்லக் குளிர்விக்கும் என்பதை மறக்கலாகாது.

இனிக் கடலின் க்ஷேமம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்குள்ள பவளப் பாறை மிக மெதுவாக வளர்வது; ஒருவர் கால் பட்டு ஒடிவது ஒரு கணத்தில். எடையைச் சரிசெய்து, அடியையும் தொடாமல், மேலேயும் துள்ளாமல் மிதக்கக் கற்றவருக்கு அந்தப் பிழை நேராது. அவர் உயிரும் பத்திரம். தன்னைக் காக்கும் நிதானமே கடலையும் காக்கிறது.

மாமல்லைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் நம்மைப்போல் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. இழுவலையில் சிக்கி மேலே வரமுடியாவிட்டால் மூச்சடைத்து மாண்டுபோகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைக் கண்டு நாடு திடுக்கிட்டது. கரைக்கு அருகே விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1983 முதலே உண்டு. 1988 முதல் சென்னை மாணவர் குழு ஒன்று இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. சட்டத்துக்கு இல்லாத கண்கள் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கின்றன.

கடல் விஷயம் காஞ்சிவாசிகளுக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஊரை ஒட்டிய வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. பாலாறு மாமல்லைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. வேகவதியில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை வெள்ளம் வந்தால் ஆமையின் வாய்க்கே போய்ச் சேரும்.

அத்தி வரதரை மீண்டும் காண 2059 வரை காத்திருக்க நமக்குப் பொறுமை இருக்கிறது. அதே பொறுமையைக் கடலின் மீதும் காட்டுவோமானால், அந்த ஆண்டில் தரிசனத்துக்கு வரும் நம் பேரப்பிள்ளைகள் மாமல்லைக்கும் சென்று, பங்குனி ஆமை கரையேறும் காட்சியைக் கண்டு திரும்புவார்கள்.