அவர் சொன்னால் ரசனை, அவள் சொன்னால் புகார்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதற்குப் பலகையும் காய்களும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். ‘குகைக்குள்ளிருந்து புகை வருகிறது, என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும். மற்றதெல்லாம் பேச்சு. அந்த உலகம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குக் காட்டுபவை பெரும்பாலும் விதிநூலில் அச்சான படங்கள்தான். அந்தப் படங்களில் எது நல்ல படம் என்ற சண்டை அந்த ஆட்டத்தைப் போலவே பழையது.

என் அக்கா மகள் பெங்களூரில் இதை ஆடுகிறாள். ஆறு பேர் கூடும் குழுவில் பெண்கள் இருவர். அவளுடைய பாத்திரம் ஒரு வாள்வீராங்கனை. குழுவில் மூத்தவர் ஒருவர், எண்பதுகளின் படங்களில்தான் உயிர் இருக்கிறது, இப்போது வருவதெல்லாம் வெறும் வழவழப்பு என்றாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். இவள், அந்தப் படங்களில் பெண்ணுக்கு மட்டும் வயிற்றில் கவசம் இல்லை, பார்த்தால் ஆடவே தோன்றவில்லை என்றாளாம். ‘எதற்கெடுத்தாலும் பெண்ணியமா?’ என்று வந்தது பதில்.

‘அவர் சொன்னா டேஸ்ட். நான் சொன்னா கம்ப்ளெயின்ட். அது எப்படி சித்தி?’ என்று போனில் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பு மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டி. படங்கள் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தவை போல இருக்கும். பிறகு டேவிட் டிராம்பியர், ஏரல் ஓட்டஸ் போன்றவர்களின் மைக்கோடுகள் வந்தன. எண்பதுகளில் லாரி எல்மோர், கிளைட் கால்ட்வெல் முதலியோரின் வண்ண ஓவியங்கள். தோல், உலோகம், பனி என்று ஒவ்வொன்றும் தொட்டால் கையில் ஒட்டும்போல் இருக்கிறது.

கால்ட்வெல்லின் பெண்களைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மூவருலா. ஆண்டுதோறும் வகுப்பில் உலா நடத்துகிறவள் நான். தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்க வேண்டும். மயங்குவதற்கு முன் அவர்களுடைய கூந்தலும் தோளும் இடையும் வருணிக்கப்பட்டாக வேண்டும். ஒட்டக்கூத்தரின் சொல்திறத்தில் எனக்குக் குறையே தெரியவில்லை. கால்ட்வெல்லின் தூரிகையிலும் தெரியவில்லை. அந்தத் திறமை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கேட்பதும் ரசிகையின் கேள்விதான். வகுப்பில் அதை ஒரு மாணவி கேட்டால், ‘இலக்கியத்தை இலக்கியமாகப் பாரும்மா’ என்று சொல்ல யாராவது இருப்பார்கள்.

ஆனால் பழையது கெட்டது, புதியது நல்லது என்று என் அக்கா மகளைப் போல என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. எண்ணெய் வண்ணம் ஆபாசம், மைக்கோடு கண்ணியம் என்று பிரிப்பதும் நடக்காது. 1977இன் மான்ஸ்டர் மேனுவல் முழுக்கக் கருப்பு வெள்ளைக் கோடுகள்தான். அதில்தான் சக்குபஸ் என்ற பெண்பேய் ஆடையின்றி இருக்கிறது. எல்மோரின் வண்ணத்தில் வந்த 1983 சிவப்புப் பெட்டியின் மேலட்டையிலோ வீரன் நமக்கு முதுகு காட்டிச் செந்நிற டிராகனை எதிர்த்து நிற்கிறான். அவன் ஆண்தான். ஆனாலும் அந்த முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள எனக்குத் தடையில்லை.

வழவழப்பில்லாத அந்த நாட்களை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் ஒரு கணக்கைச் சொல்வதில்லை. 1978 விதிநூலில் மனிதப் பாத்திரங்களின் உடல்வலு 18ஐத் தொட்டால், போர்வீரர்களுக்கு அதற்குமேல் நூற்றுக்கணக்கில் ஒரு கூடுதல் அளவு உண்டு. ஆணுக்கு அது 100 வரை போகலாம், பெண்ணுக்கு 50தான். நெருப்பு கக்கும் பல்லியை நம்பத் தயாராக இருந்தவர்களுக்குப் பெண்ணின் கை பலத்தில் மட்டும் யதார்த்தம் தேவைப்பட்டிருக்கிறது. 1989இன் இரண்டாம் பதிப்பில்தான் அந்த வரம்பு போனது.

அக்கா மகளுக்குப் பிடித்த படம் 2014 பதிப்பில் இருக்கிறது. மனிதர் என்ற இனத்துக்கு மாதிரியாக, கருத்த தோலுடைய ஒரு பெண், முழுக் கவசத்தில். அந்தப் பக்கத்தைத் திறந்த நாளில்தான் ஆட்டத்தில் சேர்ந்தேன் என்கிறாள். அவள் குழுவின் இன்னொரு பெண்ணுக்கோ கால்ட்வெல் வரைந்தவர்கள்தான் வேண்டும். ‘எனக்கு அழகா இருக்கணும், கத்தியும் இருக்கணும். அலுவலகத்துக்குத்தான் தினமும் மூடிக்கிட்டுப் போறேனே’ என்றாளாம். இதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. இருவரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த மூத்தவர் எதிர்பார்த்திருப்பார். ஆண்கள் நால்வர் நான்கு ஓவியர்களைச் சொன்னால் அது விவாதம். பெண்கள் இருவர் இரண்டைச் சொன்னால், ‘முதலில் நீங்கள் பேசி முடிவுக்கு வாருங்கள்.’

எனக்கு அந்த 2014 பெண்மீது மரியாதை உண்டு, ஆசை இல்லை. தோல் நிறம் முதல் கவசத்தின் வார் வரை எல்லாமே முடிவாகிவிட்டதால் நான் சேர்க்க எதுவும் மீதமில்லை. அகப்பாட்டில் தலைவிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்ற மரபில் பழகிய மனம் இது. டிராம்பியரின் கோட்டோவியங்களில் முகம் பாதி நிழலில் போய்விடும். மீதியை நான் போட்டுக்கொள்வேன்.

அவர் வரைந்த 1978 விதிநூலின் அட்டை மட்டும் வண்ணம். பிரம்மாண்டமான ஒரு சிலை. அதன் கண்ணிலிருக்கும் மணியை இரண்டு திருடர்கள் நெம்புகிறார்கள். கீழே சண்டை முடிந்துவிட்டது. ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் வரைபடம் பார்க்கிறார்கள், பல்லிமனிதர்களின் பிணங்களை இழுத்துப் போகிறார்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது. பார்க்கிறவருக்காக யாரும் நிற்கவில்லை. அதில் ஒரு பெண் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, ‘இதுவா உங்களுக்குப் பிடித்த படம்?’ என்று அக்கா மகள் இன்னும் சண்டை போடுகிறாள். பிணம் இழுப்பவர்களில் ஒருத்தியாக என்னை நான் எப்போதோ வைத்துக்கொண்டுவிட்டேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை.