கரைந்துபோன எழும்பூர்

அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009-ல் ஆரம்பித்து வைத்த வம்பு இது. அக்டோபரின் 31 நாளும் தினம் ஒரு படம், மையில் போடணும். பெயர் 'இங்க்டோபர்'. பாவம், அவருக்கு நம்ம ஊர் அக்டோபர் மழை தெரியாது!

2019-ல் நாங்கள் நாலு பேர் குதித்தோம். ஆபீஸ் விட்டதும் எழும்பூர் ரயில் நிலையத்தின் எதிர் பிளாட்பாரம். 1908-ல் திறந்த சிவப்புக் கட்டடம், வெள்ளைக் கோடுகள், குவிமாடங்கள்... பென்சில் என்றால் அழிக்கலாம். மை? தப்பினால் தப்பினதுதான்!

17-ம் தேதி, கடைசிக் குவிமாடம் முடிகிற நேரம் கொட்டியது மழை. ஸ்டேஷனுக்குள் ஓடினேன். நோட்டில் ஒரே நீலக் குளம். பத்து வருஷம் கழித்துப் பேனா தொட்டவன்... 'போதும்டா சாமி' என்று மூடப் போனேன்.

"டேஷனையே கரைச்சுட்டீங்களே சார்!" சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஒருவர். "என்னைப் போடுங்க. நான் கரைய மாட்டேன்."

வரைந்தேன். காது மட்டும் கொஞ்சம் பெரிசு. வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா மாதிரியே இருக்கு சார். அவரும் இங்கதான் மூட்டை தூக்கினார். ஒரு போட்டோகூட இல்லை..."

கிழித்துக் கொடுத்தேன். மாசக் கடைசியில் நண்பர்கள் எண்ணினார்கள். "30-தானே இருக்கு? ஒரு நாள் டிமிக்கியா?"

டீ என் செலவு என்று தீர்ப்பாயிற்று.