காப்பும் இலக்கும்

தமிழில் 'காப்பு' என்னும் சொல் பல பொருள் தரும். நூலின் முகப்பில் நிற்கும் செய்யுள் காப்பு. குழந்தையின் கையில் இடும் வளையல் காப்பு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதற்பருவமும் காப்பே. இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபை வளர்த்துள்ளனர். பிறந்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது காவல் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் இச்சொல்லை விளக்கி வரும் யாம், அதன் எல்லை யாது என்பதைச் சென்ற ஆண்டு மே மாத இறுதியில் ஒரு சிறுவனின் சீட்டு விளையாட்டிலிருந்து கற்றுக்கொண்டோம் என்றால், படிப்போர் வியப்புறலாம். நடந்ததை உள்ளவாறே உரைக்கின்றோம்.

சிங்கப்பூரில் வாழும் எம் தங்கையின் மகன் பள்ளி விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். வந்த மறுநாளே கூடத்துப் பாயில் வண்ணச் சீட்டுகளைப் பரப்பி, பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கவிருந்த எம் மகளை எதிரே அமர்த்திக்கொண்டான். அஸர் தொழுது எழுந்து வந்த எம் தாயார், "இதென்ன தம்பி, வீட்டுக்குள்ளே சீட்டுக்கட்டு?" என்று முகம் சுளித்தார்கள். "இதில் காசு பணம் எதுவும் இல்லை நன்னி, மூளைக்குத்தான் வேலை" என்றான் அவன்.

விளையாட்டின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த இதனை, 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்னும் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆட்டக்காரர் ஆளுக்கொரு சீட்டைப் பணயம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்ளும் முறையொன்று தொடக்க விதிகளில் இருந்ததுண்டு. அது பின்னர் கைவிடப்பட்டது; பணயம் பற்றிய பழைய சீட்டுகளை முறையான போட்டிகளில் ஆடவும் இன்று தடை உள்ளது. இதைக் கேட்ட பின்னரே எம் தாயாரின் முகம் தெளிந்தது.

ஆட்டத்தின் அமைப்பு இதுதான். ஒவ்வொருவரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டொன்றைத் தாமே தொகுத்து வருவர். இருவர்க்கும் தொடக்கத்தில் உயிர்ப்புள்ளி 20. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என நிறங்கள் ஐந்து. சில சீட்டுகள் களத்தில் நின்று பொரும் வீரரும் விலங்குகளும். சில, ஒருமுறை ஓதியதும் பயன் தந்து நீங்கும் மந்திரங்கள்.

எம் மகள் களத்தில் இறக்கியது 'பிளாக் நைட்' என்னும் கரிய குதிரைவீரனை. அவனுக்கு வெண்மையிலிருந்து காப்பு உண்டு. அக்காப்பின் பயன் நான்கு: வெள்ளைச் சீட்டு எதுவும் அவனை இலக்காகக் கொள்ளல் ஆகாது, வெள்ளை வீரர் அவனைத் தடுத்து நிற்றல் ஆகாது, வெண்மையால் விளையும் சேதம் அவனைச் சேராது, வெள்ளை மந்திரம் அவன்மேல் பற்றி நில்லாது. களத்திலுள்ள ஒருவனைக் குறித்து அகற்றும் 'சோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ்' என்னும் புகழ்பெற்ற வெள்ளைச் சீட்டும் அவன் முன் பயனற்றது. மகளின் முகத்தில் வெற்றிக் களிப்பு தெரிந்தது. அப்பொழுது மருமகன் 'ராத் ஆஃப் காட்' என்னும் சீட்டை வைத்தான். அதுவும் வெள்ளையே. களத்தில் நின்ற அத்தனை பேரும் அழிந்தனர். கரிய வீரனும் அழிந்தான்.

"அ... அவனுக்குக் காப்பு இருக்கிறதே!" என்றாள் மகள்.

"இருக்கிறது. ஆனால் இந்தச் சீட்டு யாரையும் இலக்காகச் சுட்டவில்லை. எல்லாரையும் அழி என்கிறது, அவ்வளவுதான்" என்றான் அவன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாம் அவ்விடத்தில் நிமிர்ந்து அமர்ந்தோம். இது இலக்கணம் அன்றோ? சீட்டில் 'இலக்கு' என்னும் சொல் எழுதப்பட்டிருந்தாலன்றி, அல்லது விதிநூல் அப்பொருளை உள்ளடக்கி வகுத்த கலைச்சொல் இருந்தாலன்றி, அங்கே இலக்கு என்பது இல்லை. வினையின் பயன் எய்துவதெல்லாம் நம் இலக்கணத்தில் செயப்படுபொருள்; 'எல்லாரையும் அழி' என்பதிலும் 'ஐ' உருபு உண்டு. அவர்கள் விதியிலோ, பெயர் சுட்டித் தேர்ந்த செயப்படுபொருள் மட்டுமே இலக்காகும். இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை நிரல்படுத்தும் தொல்காப்பியர் அந்நிரலின் முதலிலேயே காப்பை வைத்துள்ளார் என்பது அப்பொழுது எம் நினைவிற்கு வந்தது.

மருமகன் மேலும் ஒன்று காட்டினான். 1997இல் வெளிவந்த 'டயபாலிக் எடிக்ட்' என்னும் சீட்டு, எதிராளியையே இலக்காகக் கொண்டு, அவர் தம் வீரருள் ஒருவனைத் தாமே பலியிட வேண்டும் எனப் பணிக்கிறது. சுட்டப்பட்டவர் ஆட்டக்காரர், மடிபவன் வீரன். வீரன்மேல் எத்தகைய காப்பு இருப்பினும் பயன் இல்லை. தன்வினை பிறவினை வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான சான்று யாம் கண்டதில்லை.

எம்மைத் தடுத்து நிறுத்தியவை, அடுத்து அவன் எடுத்து வைத்த இரண்டு காலணிகளே. ஒன்று 2003இல் வந்த 'லைட்னிங் கிரீவ்ஸ்'. மற்றொன்று 2011இல் வந்த 'ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ்'. முன்னதை அணிந்த வீரனுக்கு 'ஷ்ரௌட்' என்னும் காப்பு வாய்க்கும். எவரும் அவனை இலக்காக்க இயலாது. பின்னதை அணிந்தவனுக்கு 'ஹெக்ஸ்ப்ரூஃப்'. எதிராளி மட்டுமே அவனை இலக்காக்க இயலாது. முன்னதை ஒரு வீரனுக்கு அணிவிக்கச் செலவு இல்லை. பின்னதற்கு ஒரு பங்கு ஆற்றல் செலவாகும்.

மகள் செலவற்றதையே தேர்ந்து தன் வீரனுக்கு அணிவித்தாள். அடுத்த சுற்றில் அவனுக்கு வலிமை கூட்டக் கருதி 'ஜெயண்ட் குரோத்' என்னும் சீட்டை எடுத்தாள். இலக்காகும் வீரனுக்கு அச்சுற்று முடியும்வரை மூன்று வலிமையும் மூன்று தாங்குதிறனும் சேர்க்கும் சீட்டு அது. மருமகன் தலையசைத்தான். "முடியாது அக்கா. ஷ்ரௌட் உனக்கும் சேர்த்துத்தான். நீ நல்லது செய்ய நினைத்தாலும் அவனை எட்டாது."

மகள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர் எம்மை ஒருமுறை பார்த்தாள். அப்பார்வையின் பொருள் எமக்கு மட்டுமே விளங்கும்.

எம் மகளுக்குச் சிறு வயது முதலே பேச்சு திக்கும். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்பொழுது பள்ளி ஆசிரியரை நேரில் கண்டு, "வகுப்பில் இவளை எழுப்பி வினாக் கேட்க வேண்டா, உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டா" என்று வேண்டிக்கொண்டோம். அவர்களும் அன்புடன் இசைந்து, நான்கு ஆண்டுகள் அவ்வாக்கைக் காத்தனர். அவளைக் கேட்டு நாம் இதைச் செய்யவில்லை. எமக்கும் அதில் செலவு ஒன்றும் இல்லை.

அதன் விளைவுகள் இரண்டு. ஒன்பதாம் வகுப்பில் அவள் எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. ஆண்டு விழா மேடையில் அதனைப் படித்தவள் வேறொரு மாணவி. அவளை அழைக்க வேண்டும் என்னும் எண்ணமே எவர்க்கும் தோன்றவில்லை. அதே ஆண்டின் இறுதியில் பள்ளியைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், மாணவியர் அனைவரும் வரிசையாக எழுந்து தத்தம் பெயரும் ஊரும் சொல்லுமாறு பணித்தார். அவர் எவரையும் குறித்துச் சுட்டவில்லை, எல்லாரும் என்றார். எம் மகளின் முறை வந்தது. நான்காண்டுகள் வகுப்பில் வாய் திறந்து பழகாத பிள்ளைக்குத் தன் பெயரே வெளிவரவில்லை. பக்கத்துப் பெண் எழுந்து அவள் பெயரைச் சொன்னாள். அன்று வீடு திரும்பியவள் இரவுணவு கொள்ளவில்லை.

அதுவரை அலுவலரையே மனத்துள் குறை கூறி வந்த யாம், அன்று கூடத்துப் பாயில் எம் குறையைக் கண்டோம். தீங்கு எட்டாதவாறு யாம் போர்த்திய போர்வை, நன்மையையும் எட்டாமல் தடுத்துவிட்டது. பொதுவாய் வந்ததையோ அது தடுக்கவும் இல்லை.

ஆட்டத்தில் மற்றொன்றையும் கண்டோம். மகள் தன் இலக்கை விரலால் சுட்டிக் காட்டும்பொழுதெல்லாம் மருமகன், "எதை என்று வாயால் சொல் அக்கா" என்பான். அவள் திக்குவாள். அவன் அச்சொல்லைத் தான் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. வேறு பக்கம் பார்ப்பதும் இல்லை. சொல் முடியும்வரை அமைதியாகக் காத்திருந்து, முடிந்ததும், "சரி, நடக்கட்டும்" என்பான். அச்சிறுவன் செய்ததை அவளைப் பெற்ற யாம் ஒருநாளும் செய்ததில்லை. அவள் தொடங்கிய சொல்லை யாமே முடித்துக் கொடுப்பதைப் பரிவு என்று கருதியிருந்தோம்.

2021இல் 'வார்டு' என்னும் பெயரால் புதியதொரு காப்பு அவ்விளையாட்டில் சேர்ந்தது என அவன் விளக்கினான். அது கதவை அடைப்பதில்லை. எதிராளி அவ்வீரனை இலக்காக்கலாம். ஆனால் குறித்த விலையொன்றைத் தர வேண்டும். தராவிடில் அவர் செய்த செயல் பயனற்றுப் போகும். எம் மகளுக்கு உரிய காப்பு இதுவே எனத் தோன்றிற்று. அவளை வினவுக, ஆனால் விடை முடியும்வரை பொறுத்திருத்தல் என்னும் விலையைத் தருக.

இம்முறை அவளையே கேட்டோம். "டீச்சரிடம் நா... நானே சொல்கிறேன் அத்தா. நீங்கள் கூட வந்தால் போதும்" என்றாள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் உடன் சென்றோம். தன்னையும் பிறரைப் போல எழுப்பிக் கேட்க வேண்டும் என்றும், விடை முடியும்வரை எவரும் எடுத்துக் கொடுக்க வேண்டா என்றும் அவள் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. இடையில் மூன்று முறை எம் நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். ஆசிரியை காத்திருந்து கேட்டு, ஒப்புக்கொண்டார்.

அவளுக்குத் திக்கல் நீங்கிவிட்டது என்று எழுத யாம் விரும்பினும், அது உண்மையாகாது. இன்றும் திக்குகிறது. ஆயினும் வகுப்பில் அவள் பெயர் அழைக்கப்படுகிறது. அவள் எழுந்து நிற்கிறாள். தொடங்கிய தொடரை அவளே முடிக்கிறாள்.

நம் கல்லூரி வகுப்பறைகளின் பின்வரிசையிலும் இத்தகைய பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். ஊர்ப்புறத்திலிருந்து வந்தோர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர், ஆங்கிலத்திற்கு அஞ்சுவோர் எனப் பலர். அவர்களை வினவாது விடுவதை இரக்கம் என்று எண்ணி வந்தோருள் யாமும் ஒருவரே. தேர்வு அறையோ, நேர்முகத் தேர்வோ அவர்களைத் தனியே விலக்கி வைப்பதில்லை. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்குக் காப்பு அணிவிக்குமுன், அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, நம் அன்பின் கையையும் தடுத்துவிடுமோ என மும்முறை எண்ணிப் பார்த்தல் நலம். அதைவிட நலம், பிள்ளையையே ஒருமுறை கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல்.