பெயர் அட்டை விமர்சகன்

கண்காட்சிகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்கும் ஓவியர்களின் கேட்லாக்குகளுக்கும் எழுதிப் பிழைப்பவன் நான். அரூப நிலக்காட்சி என்றால், ஓவியத்தைப் பார்க்கும் முன்பே பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர் அட்டையைத்தான் பார்ப்பேன். ‘வாரணாசி’ என்றிருந்தால் மோட்சம், ‘லடாக்’ என்றால் தியானம், ‘பெயரிடப்படாதது’ என்றால் சூனியம். பாதிக் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும்.

ஓவியர் ராம்குமாருக்கு நான் செய்ததுதான் பெரிய அநியாயம். அவருடைய வாரணாசி ஓவியங்களுக்குக் ‘கங்கைக் கரையின் பேரமைதி’ என்று எழுதினேன். 1960களின் தொடக்கத்தில் வரைந்த அந்தக் கேன்வாஸ்களில் இருப்பதோ கறுப்பும் சாம்பலும் சேற்றுப் பழுப்பும். நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். மனித உருவே கிடையாது. ராம்குமார் சிம்லாவில் 1924இல் பிறந்தவர், வங்கி வேலையை உதறிவிட்டுப் பாரிஸ் போய் ஓவியர்கள் லோத்திடமும் லெஜேயிடமும் பயின்றவர், அங்கே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், இந்தியில் சிறுகதை எழுதியவர். ஐம்பதுகளில் நகரத்து ஏழை எளியவர்களின் வாடிய முகங்களை வரைந்துகொண்டிருந்தார். ஓவியர் ஹுசைனோடு வாரணாசிக்குப் போய்வந்த பிறகு அந்த முகங்கள் காணாமல் போயின. சாவுக்குக் காத்திருப்பவர்களும் விதவைகளும் நிறைந்த ஊரில், துயரம் முகங்களில் அடங்காமல் சுவருக்கும் படித்துறைக்கும் ஏறிவிட்டதென்று எனக்குப் படுகிறது. அதில் பக்தி இருக்கலாம். ஆறுதல் இல்லை. நான் எழுதியதெல்லாம் ஆறுதல்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அவர் வாழ்க்கைக் கதை அப்போதே எனக்குப் பாடம். படத்தின் எதிரே நின்றபோது நெஞ்சு அடைத்ததும் உண்மை. ஆனால் ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று எந்த விமர்சகன் எழுதுவான்? ஆன்மிகம் என்று எழுதினால் எதிர்க்கேள்வி வராது. வரவேற்பறையில் மாட்ட வாங்குகிறவருக்கும் அமைதிதான் வேண்டும். (எனக்கும் கூலி வேண்டும்.)

இன்னொரு ஓவியர் கைதொண்டே விஷயத்தில் வெறும் சோம்பல். ரோலராலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றி, வழித்து, மறுபடி ஏற்றிய அந்தப் பரப்பைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு ஜென்னில் ஈடுபாடு உண்டென்று எங்கோ படித்தது போதுமானதாக இருந்தது.

திருந்திவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அண்மையில் ஓர் இளம் ஓவியரின் கேட்லாக்கில், பெயரிடாத ஒரு சாம்பல் நிறப் படத்துக்குப் ‘பிரபஞ்ச வெளி’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சான பிறகு, அது பிளாட் போட்டு விற்றுவிட்ட தன் ஊர் ஏரி என்றார். கோபப்படவில்லை, நன்றிகூடச் சொன்னார். பணத்தை ஜிபேயில் அனுப்பினார். எடுத்துக்கொண்டேன்.