ஈயம் தேடும் கரியிழை

சிட்னியின் மேற்கே, பரமட்டாவை அடுத்த நார்த்மீட் என்னும் எங்கள் பேட்டைக்கு வருபவர்கள் கண்டு அதிசயிக்கத்தக்க கோபுரமோ கோட்டையோ இங்கே கிடையாது. எல்லையோரமாக ஓடும் டூங்காபி ஓடைதான் உண்டு. அது டார்லிங் மில்ஸ் ஓடையோடு கலந்த பிறகே பரமட்டா நதி என்ற பெயரைப் பெறுகிறது. அந்நதியின் கீழ்ப்பகுதியில் பல தலைமுறைத் தொழிற்சாலைகளின் கழிவு வண்டலாகப் படிந்துகிடப்பது ஊரறிந்த சங்கதி. மேல்பகுதியின் நிலை என்ன, பழைய வீடொன்றின் பித்தளைக் குழாயில் இராமுழுதும் தங்கிய தண்ணீரின் நிலை என்ன என்னும் சந்தேகத்தோடு, ஓடைநீரும் குழாய்நீருமாகச் சில புட்டிகளைச் சுமந்துகொண்டு, இந்நகரத்து ஆராய்ச்சிசாலை ஒன்றில் பணிபுரியும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவரைக் காணச் சென்றேன். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய அப்புட்டிகளை அவரே முன்கூட்டி அனுப்பியிருந்தார். சூக்ஷ்மமான அளவீட்டுக்கு முதற்சத்துரு பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கே.

அளக்கும் யந்திரத்தை விலைக்கு வாங்கிவிடலாம்; அதன் முனையிலுள்ள மின்வாயை அவர் தம் கையாலேயே செய்கிறார். மனிதத் தலைமயிரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கான, ஏழு மைக்ரான் பருமனுள்ள கரியிழை ஒன்றை, வெள்ளைக் காகிதத்தின்மேல் விளக்கைச் சாய்த்து வைத்துத் தேடிப் பிடித்து, மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் உறிஞ்சி ஏற்றினார். குழலின் நடுவை உலோகச் சுருள் சூடாக்க, யந்திரம் இருபுறமும் இழுக்க, இளகிய கண்ணாடி இழையைக் கவ்விக்கொண்டு கூம்பியது. நீட்டிக்கொண்டிருந்த நுனியை உருப்பெருக்கியின் கீழ் கத்தியால் அரிந்து, சந்தில் எப்பாக்ஸிப் பிசினை ஊறவிட்டு, பின்புறம் கிராபைட் பொடியை அடைத்துச் செப்புக் கம்பியைச் செருகியபின், பெரிசயனைடுக் கரைசலில் அதை நனைத்துப் பார்த்தார். திரையில் கோடு ஒழுங்காக வளைந்தேறி மேலே சமதளமாக நின்றால் நல்ல முனை. சாய்ந்தே போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். முதலில் செய்தது சாய்ந்துபோயிற்று. முகம் சுளிக்காமல் அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொரு குழலை எடுத்தார்.

“கை நடுங்கினா இழை முறிஞ்சுபோம், ஐயா. அதாலதான் வேலை நாளில நான் கோப்பி குடிக்கிறேல்லை” என்றார்.

இத்தனை சிறிய முனைக்கு இத்தனை சிரமம் ஏன் என்று கேட்கலாம். பெரிய மின்வாயை வைத்தால் கரைசலை இடைவிடாது கலக்க வேண்டும். சிறுமுனையையோ, விளக்கை நாடும் ஈசல்போல, அயனிகள் எல்லாத் திசையிலிருந்தும் தாமே வந்தடைகின்றன. ஓடும் மின்சாரம் நானோ ஆம்பியர் அளவே ஆகையால், சொட்டு நீரும் சோதனைக்குப் போதும். உப்புக் குறைந்த நீரும் தடையாவதில்லை. தகுந்த கழித்தல் மின்னழுத்தத்தில் சில நிமிஷம் நிறுத்தினால் உலோகங்கள் முனைமீது படியும். பின்பு மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்த, முதலில் துத்தநாகமும், அடுத்துக் காட்மியமும், அதன்பின் ஈயமும் தத்தம் முறையில் கரைந்து வெளியேறும்போது, திரையில் ஒவ்வொரு சிகரம் எழுகிறது.

இந்த வித்தையின் பூர்வீகம் பிராஹா நகரில் 1922-இல் ஹெய்ரோவ்ஸ்கி என்னும் விஞ்ஞானி பாதரசத் துளியைக்கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி. அதற்காக 1959-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1970-இல், சிட்னியின் தெற்கிலுள்ள லூக்காஸ் ஹைட்ஸ் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் என்பவர், சோதிக்கும் நீரிலேயே பாதரசத்தைச் சிறிது கலந்து, உலோகங்களோடு சேர்த்துக் கண்ணாடிக் கரிமீது படியவைக்கும் உபாயத்தை வெளியிட்டார். நம்மவருக்கும் இத்துறை அந்நியமன்று. அழகப்ப செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை அறியாதார் யார்? ஆனால் விஷத்தைக் கண்டறியப் பாதரசம் என்னும் மற்றொரு விஷத்தை ஏந்தி நிற்பது என் மனத்துக்கு ஒவ்வாத காரியம். பாதரசக் கழிவால் 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் கதை மறக்கக்கூடியதா? 2000-இல் அமெரிக்காவில் ஜோசப் வாங் குழுவினர் கரியின்மேல் பிஸ்மத் படலம் பூசியே இவ்வேலையைச் செய்யலாமென்று காட்டியது, ஆகவே, பெரிய ஆறுதல். நம் யாழ்ப்பாணத்துப் பெண்மணியும் பிஸ்மத்தையே உபயோகிக்கிறார்.

காலையில் முதன்முதல் பிடித்த குழாய்நீரில் ஈயத்தின் சிகரம் தெளிவாக எழுந்தது. அளவு தெரிந்த ஈயக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சிகரம் வளர்வதைக்கொண்டு கணக்கிட்டபோது, உலக சுகாதார ஸ்தாபனம் குறித்த லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்னும் வரம்புக்குள்ளேயே அது இருந்தது. சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடித்த நீரிலோ சிகரம் இருப்பதே தெரியவில்லை. ஓடைநீரில் ஓங்கி நின்றது துத்தநாகம். தகரக் கூரைகளை நனைத்து வடியும் மழைநீரும், வீதியில் தேயும் வாகனச் சக்கரங்களும் அதன் பிறப்பிடங்கள். அந்தத் துத்தநாகத்தின் அளவை மாத்திரம் எழுதித்தர அவர் சம்மதிக்கவில்லை. மட்கிய இலைச்சாற்றோடு பிணைந்த உலோகம் முனைக்கு அகப்படாதாம். புறஊதா ஒளியில் வைத்துப் பிணைப்பை அறுத்த பிறகே முழுக் கணக்குச் சொல்ல முடியுமாம்.

“ஓடைக்கு அடுத்த கிழமை சொல்லுறன், ஐயா. குழாயை மட்டும் விடிய எழும்பினவுடன கொஞ்ச நேரம் ஓடவிடுங்கோ. அந்தத் தண்ணியை வீணாக்காம வாளியில பிடிச்சுப் பூக்கண்டுக்கு ஊத்துங்கோ.”