கம்பி வேலிக்கு அந்தப்புறம் டாப் கியர்

லண்டனுக்கு ஆபீஸ் செலவில் போகிறவன் என்ன செய்வான்? பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் போட்டோ எடுத்துக்கொள்வான். தேம்ஸ் நதிக்கரையில் பாப்கார்ன் தின்பான். கிளம்புகிற அன்று அரக்கப்பரக்க சாக்லேட் வாங்குவான். எனக்குக் கிடைத்ததோ இரண்டே வாரம், அதில் இரண்டே சனிக்கிழமை. முதல் சனிக்கிழமையை க்ளையண்ட் மீட்டிங் சாப்பிட்டுவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை நான் ஒரு கம்பி வேலியைப் பார்க்கச் செலவழித்தேன்.

"வேலியா?" என்றாள் மனைவி போனில். "இங்கே நம்ம காலி மனையைச் சுத்தியும்தான் வேலி இருக்கு. அதைப் பார்த்தீங்களா இத்தனை வருஷத்துல?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? அது டன்ஸ்ஃபோல்டு விமான தளத்து வேலி. அதற்கு உள்ளேதான் 'டாப் கியர்' என்கிற டி.வி. நிகழ்ச்சி குடியிருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு பேருக்கு ஒரு டி.வி. என்று வாழ்ந்த காலத்தில், ஸ்கூட்டர் கூட இல்லாத நாங்கள் ஃபெராரி எங்கே திரும்பும்போது வாலை ஆட்டும் என்று விடிய விடிய சண்டை போட்டது இந்த நிகழ்ச்சியின் புண்ணியத்தில்தான்.

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கில்ஃபோர்டு வந்துவிடுகிறது. அங்கிருந்து பஸ் பிடிப்பதாகத்தான் திட்டம். ஆனால் க்ளையண்ட் ஆபீஸில் எனக்குப் பக்கத்து ஸீட்காரர் (வயது 60-ஐ நெருங்குகிறது, டீயில் பால் விட்டதற்கே வருத்தப்படுகிற ஆசாமி) தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். கார் நிகழ்ச்சியைத் தரிசிக்க பஸ்ஸில் போவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. அக்காள் பையன் ஒருவனையும் பின் ஸீட்டில் ஏற்றி வந்திருந்தார். 25 வயது இருக்கும். காதில் தோடு.

ஹார்ஷம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக்கொண்டு கூரை போட்டிருந்தன. பெரியவர் மணிக்கு 30 மைல் போர்டு போட்ட இடத்தில் 29-ல் போனார். டாப் கியர் ரசிகராம்!

"எந்த டாப் கியர்?" என்று கேட்டார் என்னிடம்.

அந்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஜாக்கிரதையாகப் பதில் சொல்ல வேண்டும். நம்மூரில் 'நீங்க எந்தக் கட்சி?' என்று கேட்கிற மாதிரி. நான் அப்பாவியாக, "க்ளார்க்சன், ஹாமண்ட், மே" என்றேன். பெரியவர் பெருமூச்சு விட்டார். பின் ஸீட்டில் பையன் சிரித்தான்.

பெரியவருக்கு டாப் கியர் என்றால் 1977. பிபிசியின் பர்மிங்ஹாம் கிளை உள்ளூருக்காக ஆரம்பித்து, அடுத்த வருஷமே நாடு முழுக்கப் போன நிகழ்ச்சி. டை கட்டிய ஒருவர் வந்து, இந்தக் காரின் டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம், பின் ஸீட்டில் முழங்கால் இடிக்குமா, லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று சொல்லிவிட்டுப் போவாராம். "அதைக் கேட்டு நான் கார் வாங்கினேன். நீங்கள் பார்த்ததைக் கேட்டு யாராவது கார் வாங்க முடியுமா?" என்றார். முடியாதுதான். லாம்போர்கினி ஷோரூம் வாட்ச்மேன் என்னை உள்ளே விடமாட்டார்.

அந்தப் பழைய நிகழ்ச்சியை 2001-ல் ஊற்றி மூடினார்கள். 2002 அக்டோபரில் புதுசாகத் திறந்தபோது இடம் தேடி வந்ததுதான் இந்த டன்ஸ்ஃபோல்டு. இந்த இடத்தின் ஜாதகமே தனி. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-ல், கனடா நாட்டு ராணுவத்தார் காட்டை வெட்டிச் சில மாதங்களில் போட்ட ஓடுபாதை. பிறகு ஹாக்கர் விமானக் கம்பெனியிடம் வந்தது. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்புமே ஹாரியர், அதன் மூதாதை 1960 அக்டோபரில் முதன்முதலாகத் தரையை விட்டுக் காலைத் தூக்கியது இங்கேதான். நம் விராட் கப்பலில் 2016 வரை இருந்த ஸீ ஹாரியர்கள் அந்த வம்சம். 2000-த்தில் விமானத் தொழிற்சாலையை மூடினார்கள். காலி ஹாங்கரும் சும்மா கிடந்த ஓடுபாதையும் டி.வி.காரர்கள் கண்ணில் பட்டன. ஹாங்கர் ஸ்டூடியோ ஆயிற்று. ஓடுபாதையில் லோட்டஸ் கம்பெனியின் டெஸ்ட் டிரைவர் ஒருவர் வளைத்து வளைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். ஒண்ணே முக்கால் மைல்.

ஹாமர்ஹெட், ஃபாலோ த்ரூ, காம்பன்... அந்த வளைவுகளின் பெயர் எங்கள் மேன்ஷனில் மந்திரம் மாதிரி. கடைசி வளைவுக்கு மைக்கேல் காம்பன் என்ற பெரிய நடிகரின் பெயர். கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள். சுஸுகி லியானா என்கிற பரம சாதுவான காரை அந்த மனிதர் அந்த வளைவில் இரண்டு சக்கரத்தில் நிறுத்திக் காட்டினார், அதற்காக! அப்புறம் 2010-ல் டாம் க்ரூஸ் வந்தார். அவரும் அதே இடத்தில் ஒரு கியா காரை ஒருக்களித்துவிட்டு, 1 நிமிஷம் 44.2 செகண்டில் சுற்றி முடித்தார். நடுவில் ஓட்டிய ஷெவர்லே லசெட்டி நம்மூரில் ஆப்ட்ரா என்று ஓடியதே, அதன் உடன்பிறப்பு. அவ்வளவு பெரிய நட்சத்திரங்களை ஆப்ட்ராவில் உட்கார்த்தி வைத்து விரட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது?

மெயின் கேட்டில் கார் போக முடியவில்லை. பின்னால் சுற்றி ஒரு மண் பாதையில் நிறுத்தினார் பெரியவர். இறங்கி நடந்தோம். இதோ, வேலி. அந்தப்புறம் புல். அதற்கப்புறம் வெகு தூரத்தில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தரை. காற்று. ஒரு காக்கை. அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் நின்றேன். வேலிக்கு இந்தப்புறமிருந்து பார்த்தால் எது ஹாமர்ஹெட், எது காம்பன் ஒன்றும் தெரியவில்லை. கேமரா ஹெலிகாப்டரில் இருந்து பார்த்தது வேறு டன்ஸ்ஃபோல்டு.

அங்கே நின்றுகொண்டுதான் மாமனுக்கும் மருமகனுக்கும் சண்டை ஆரம்பித்தது. இந்த நிகழ்ச்சியில் 'புது ஸீரீஸ்' என்று ஒன்று வந்த போதெல்லாம் இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 2015 மார்ச்சில் சாப்பாட்டு விஷயத்தில் தயாரிப்பாளர் ஒருவரைக் க்ளார்க்சன் அடித்துவிட, பிபிசி அவரைச் சஸ்பெண்ட் செய்தது. திரும்ப வை என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவை பிபிசி ஆபீஸுக்கு ராணுவ டாங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்! பிபிசி மசியவில்லை. காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அவரோடு மற்ற இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் க்ரிஸ் ஈவன்ஸும், 'ஃப்ரெண்ட்ஸ்' ஜோயியாக நடித்த மாட் லெப்ளாங்க்கும் வந்தார்கள். மே மாதம் முதல் வாரம் 44 லட்சம் பேர் பார்த்தார்கள். ஜூலையில் கடைசி வாரம் 19 லட்சம். மறுநாளே ஈவன்ஸ் ராஜினாமா.

"கத்திக்கொண்டே இருந்தார். என் ஹியரிங் எய்டைக் கழற்றி வைத்தேன்" என்றார் பெரியவர்.

"ஈவன்ஸை விடுங்கள். 2019-ல் வந்த மூன்று பேர்?" என்றான் பையன். "ஃப்ளிண்டாஃப், பேடி மெக்கின்னஸ், க்ரிஸ் ஹாரிஸ். எங்க அம்மாகூட உட்கார்ந்து பார்த்தாங்க. பிபிசி ஒன்றுக்கே மாற்றினார்கள். க்ளார்க்சன் காலத்தில் பாதி ஜோக் அடுத்த நாட்டுக்காரனை மட்டம் தட்டுகிற ஜோக். உங்கள் நாட்டையும் விடவில்லையே?"

விடவில்லைதான். 2011 டிசம்பரில் இந்தியா ஸ்பெஷல் என்று ஒன்று. ஜாகுவார் டிக்கியில் டாய்லெட்டைப் பொருத்திக்கொண்டு ஊரைச் சுற்ற, நம் தூதரகம் புகார் செய்தது. எனக்கும் கோபம்தான். ஆனால் 2013-ல் உலகத்து டாக்ஸிகளையெல்லாம் மோதவிட்டு நம் அம்பாஸடரை ஜெயிக்க வைத்தார்களே, அப்போது மன்னித்துவிட்டேன். (நம் ரோஷம் அவ்வளவுதான்.)

பையனின் கட்சி ஃப்ளிண்டாஃப் கட்சி. ஆமாம், அதே ஆள். 2002-ல் வான்கடேயில் சட்டையைக் கழற்றிச் சுற்றி, கங்குலி லார்ட்ஸ் பால்கனியில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாரே, அவர். 2009-ல் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் 15.5 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்து, மூன்றே மேட்ச் ஆடிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாரே, அவர்.

"ஸ்விட்ஸர்லாந்தில் அணைக்கட்டு உச்சியிலிருந்து ரோவர் காரோடு பங்கீ கயிற்றில் குதித்தார், பார்த்தீர்களா?"

பார்த்தேன். 2020-ல். பார்த்துவிட்டு ஆபீஸ் கேண்டீனில் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. வடையைப் பிய்த்துக்கொண்டே, "கயிறு கட்டிட்டுக் குதிக்கறது ஒரு ரிஸ்க்கா சார்? ஹாமண்ட் 2006-ல மணிக்கு 463 கிலோமீட்டர்ல ஜெட் காரைக் கவுத்துட்டுப் பொழைச்சு வந்தான். அது ரிஸ்க்கு. இவனுங்க சும்மா டூர் போறானுங்க" என்றேன். மேஜை மொத்தமும் சிரித்தது. நல்ல ஜோக் என்று எனக்கே தோன்றியது.

2022 டிசம்பர் 13. நான் பார்த்துக்கொண்டிருந்த அதே சிமெண்ட் தரையில் எங்கேயோதான். மூன்று சக்கர மார்கன் கார். மேலே கூரை கிடையாது. ஃப்ளிண்டாஃப் தலையில் ஹெல்மெட் கிடையாது. வண்டி கவிழ்ந்து அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு போயிற்று. முகம் போய்விட்டது என்றே நினைத்ததாகப் பின்னாளில் அவரே டி.வி.யில் சொன்னார். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. 2023 செப்டம்பரில் கிரிக்கெட் மைதானத்தில் முகத்துத் தழும்புகளோடு வந்து நின்ற போட்டோவைப் பேப்பரில் பார்த்த அன்று எனக்கு வடை இறங்கவில்லை. அந்த நவம்பரில், இனி இப்போதைக்கு டாப் கியர் கிடையாது என்று பிபிசி அறிவித்துவிட்டது. இப்படி ஏதாவது நடக்கும் என்று முன்பே எச்சரித்தேன் என்று க்ரிஸ் ஹாரிஸ் 2024-ல் சொன்னார்.

"நாங்கள் கேட்டோம், அவர்கள் செய்தார்கள்" என்றான் பையன். வேலிக் கம்பியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தான். "போன வாரத்தைவிடப் பெரிசா, போன வாரத்தைவிடப் பெரிசா என்று."

பெரியவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. டிக்கி அளவைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

மத்தியானம் டன்ஸ்ஃபோல்டு கிராமத்துக்குப் போனோம். விமான தளத்துக்குப் பேர் கொடுத்ததோடு சரி, கிராமம் தள்ளித்தான் இருக்கிறது. பெரிய புல்வெளி, ஓரத்தில் ஒரு பப். சாப்பாட்டுக்கு ஏதோ ஒரு பை. உள்ளே என்ன என்று கேட்காமல் சாப்பிட்டேன். பக்கத்து மேஜை அம்மாளுக்கு 70 வயது இருக்கும். காலடியில் நாய். டாப் கியரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன்.

"சத்தம்" என்றார்.

"எந்த ஸீரீஸில்?"

"எல்லாவற்றிலும்."

அங்கே 1,800 வீடுகள் கட்ட 2018-லேயே அனுமதி ஆகிவிட்டது என்று அந்த அம்மாளே சொன்னார். டிராஃபிக் தாங்காது என்று இப்போது அந்தக் கவலை. "அதற்கு அந்தக் கார்க்காரப் பையன்களே தேவலை. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மட்டும்தான் வந்தார்கள்" என்று நாய்க்கு ஒரு துண்டு ரொட்டி போட்டார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். பெரியவர் சாவியைப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

கில்ஃபோர்டு வருகிறவரை யாரும் பேசவில்லை. ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது பையன் ஜன்னலை இறக்கினான்.

"ஒன்று கேட்கணும். நீங்கள் சென்னைதானே? ஃப்ளிண்டாஃபை உங்கள் ஊரில் பிடிக்குமா? மூன்று மேட்ச்தான் ஆடினார் என்று படித்தேன்."

'பதினஞ்சரை லட்சம் டாலர் தண்டம்டா' என்று 2009-ல் மேன்ஷன் டி.வி. முன்னால் கத்தியவர்களில் என் குரல்தான் பெரிசு.

"ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்" என்றான். பெரியவர் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை பார்த்து, மெதுவாகக் கிளம்பினார்.

ஊருக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "வேலி எப்படி இருந்தது?" என்று. போட்டோவைக் காட்டினேன். கம்பி, புல், காக்கை. "இதுல கார் எங்கே?" என்றாள்.